கூண்டும் அன்புதான்

“நாய்க்கு முட்டி அறுவை சிகிச்சையா? காசு அதிகமாகிவிட்டதோ?” என்று எங்களைக் கேட்டவர்கள் பலர். பொமரேனியன், சிவாவா போன்ற சிறிய நாய்களுக்கு முட்டிச்சில்லு இடம் விட்டு நழுவுவது பரவலாகக் காணப்படும் குறை. எங்கள் மணிக்கும் அதுதான்.

செலவைவிடப் பெரிய சோதனை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. மருத்துவர் தம் வேலையை ஒரே நாளில் முடித்துவிட்டார். 8 வாரக் காவல் எங்கள் பொறுப்பு. கூண்டில் ஓய்வு. சிறுநீர் கழிக்க மட்டும் கயிற்றைப் பிடித்தபடி வெளியே. படிக்கட்டும் சோபாவும் கூடாது. வழுக்கும் டைல்ஸ் தரையில் பாய் விரிக்க வேண்டும். நாம் விழுங்கும் வலி மாத்திரை அதற்கு நஞ்சாகலாம், கொடுக்கவே கூடாது.

பத்தாம் நாள் மணி விடாமல் முனகியது. “பாவம், திறந்து விடுப்பா” என்றார் பாட்டி. திறந்தேன். ஓடியது, பாயைத் தாண்டி வழுக்கியது, மீண்டும் காலைத் தூக்கிக்கொண்டது. நல்லவேளை, சில்லு நழுவவில்லை என்றார் மருத்துவர்.

நான் திறந்தது மணிக்காக அன்று; அந்த முனகலை என்னால் தாங்க முடியாததால்தான். இரக்கம் வேறு, பொறுப்பு வேறு. நாய் வளர்க்க ஆசைப்படும் நண்பர்களே, கொஞ்சத் தெரிந்தால் மட்டும் போதாது. அதன் நன்மைக்காக மனத்தைக் கல்லாக்கவும் தெரிய வேண்டும். அது இயலாதென்றால் வளர்க்காமல் இருப்பதே அன்பு.