நல்லதை மட்டும் சோதித்தால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஆண்ட்டி வைரஸ் புரோகிராமை இயக்கி, "வைரஸ் எதுவும் இல்லை" என்ற செய்தி வந்ததும் நிம்மதி அடைகிறார்கள். வைரஸ் இல்லாததால் அந்தச் செய்தி வந்ததா, அல்லது அந்தப் புரோகிராமுக்கு வைரஸைப் பிடிக்கத் தெரியாததால் வந்ததா? திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்தக் கேள்வியின் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது குற்றாலம் சாலையில் இருந்த ஒரு ஷெட்டில்.

யு.பி.எஸ். பேட்டரியை சார்ஜ் செய்யும் சர்க்யூட் போர்டுகளைத் தயாரிக்கும் ஒரு சிறிய நிறுவனத்திற்கு நான் டெஸ்டிங் சாப்ட்வேர் எழுதிக் கொடுத்தேன். சென்னையில் மட்டும் சோதனை செய்து வந்தவர்கள், தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையில் இரண்டாவதாக ஒரு டெஸ்ட் பெஞ்ச் அமைத்தார்கள். உள்ளூர்ப் பெண்கள் ஆறு பேருக்கு வேலை கிடைத்தது. நம் ஊருக்கும் இப்படி ஒன்று வந்ததே என்று எனக்குப் பெருமை.

புதிய பெஞ்ச் சரியாக அளக்கிறதா என்று பார்க்க, சென்னையில் பாஸான 30 போர்டுகளைப் பொதிகை எக்ஸ்பிரஸில் அனுப்பினார்கள். அது மே மாதம். முப்பதும் இங்கேயும் பாஸ். "நூற்றுக்கு நூறு" என்று ரிப்போர்ட் தயாரானது. அதில் என் கையெழுத்தும் உண்டு.

ஜூலையில் சாரல் பிடித்தது. குற்றாலம் சீசன் என்றால் உங்களுக்கு அருவி. எங்களுக்கு இரண்டு நாளாகியும் காயாத துணி. பெஞ்சில் பெயிலாகும் போர்டுகள் அதிகமாயின. "புதுப் பிள்ளைகள், சரியாக மாட்டத் தெரியவில்லை" என்றார் மேலாளர். அந்தப் பெண்களில் மூத்த அக்கா ஒருவர் என்னிடம், "நேத்து பாஸ்னு வந்தத இன்னைக்கு மாட்டுனா பெயில்னு வருது தம்பி. நாங்க என்ன செய்ய?" என்று கேட்டார்.

அப்போதுதான் அந்த 30 போர்டுகளைப் பற்றி யோசித்தேன். இந்த போர்டு 13.5 முதல் 13.8 வோல்ட் வரை கொடுத்தால் பாஸ். நாங்கள் அனுப்பியவை எல்லாம் ஒரே நாளில் செய்து, ஒரே பெட்டியில் மேலாக இருந்தவை. அத்தனையும் 13.65 வோல்ட்டை ஒட்டியவை. பெஞ்ச் 0.1 வோல்ட் தவறாகக் காட்டினாலும் அவை பாஸ்தான் ஆகும்!

பெயிலான போர்டுகளையும் அனுப்பச் சொன்னேன். "கெட்டுப்போனதற்கு எதற்கு ரயில் செலவு?" என்றார் மேலாளர். டீக்கடையில் வைத்து அவருக்கு ரொனால்ட் ஃபிஷர் 1935-ல் தன் நூலில் எழுதிய சோதனையைச் சொன்னேன். கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா டீயா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. ஃபிஷரின் ஏற்பாட்டில் 8 கோப்பைகள்; 4 அப்படி, 4 இப்படி, வரிசையைக் கலைத்து. வெறும் ஊகத்தில் எட்டும் சரியாக அமைய 70-ல் ஒரு வாய்ப்புதான். எட்டுமே ஒரே வகையாக இருந்திருந்தால் அவர் திறமை தெரிந்திருக்குமா? மேலாளர் ஒருவழியாக ஒப்புக்கொண்டார்.

இந்த முறை 24 போர்டுகள். நடுவில் இருப்பவை 8, இரண்டு எல்லைகளையும் ஒட்டியவை 8, சென்னையில் பெயிலானவை 8. எல்லாம் வெவ்வேறு வாரங்களில் செய்தவை. நம்பர் மட்டும் ஒட்டி, எது எந்த வகை என்று சோதிப்பவருக்குச் சொல்லவில்லை. சென்னையில் ஒரு முறை, இங்கே ஒரு முறை, திரும்பவும் சென்னையில் ஒரு முறை அளந்தோம். இல்லாவிட்டால் பெஞ்ச் தவறா, ரயில் பயணத்தில் போர்டு கெட்டதா என்று தெரியாதே.

எங்கள் பெஞ்ச் எல்லாவற்றையும் சுமார் 0.03 வோல்ட் குறைவாகக் காட்டியது. 13.52 என்பது 13.49 ஆகி, நல்ல போர்டு பெயில். அதைவிட மோசம், 13.82 என்பது 13.79 ஆகி, ஆகாத போர்டு பாஸ். அது யார் வீட்டுக்காவது போய், அளவுக்கு மீறி சார்ஜ் செய்து, பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும். நடுவில் இருந்த எட்டு போர்டுகளோ எதையுமே காட்டிக் கொடுக்கவில்லை.

போர்டைத் தொடும் ஊசிகளின் முனையில் ஈரத்தால் படிந்த கறைதான் காரணம். அந்த வோல்டேஜ் அங்கேயே வீணாகியிருந்தது. ஊசிகளை மாற்றியதும் இரு ஊர்க் கணக்கும் ஒத்துப்போனது. இப்போது தினமும் காலையில் ஒரு நல்ல போர்டையும் இரண்டு பெயிலான போர்டுகளையும் மாட்டிப் பார்த்த பிறகே வேலை தொடங்குகிறது. மேலாளர் அந்தப் பெண்களிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. பெஞ்சுக்கு ஒரு ஏ.சி. மட்டும் வாங்கிக் கொடுத்தார்.

உங்கள் ஆண்ட்டி வைரஸைச் சோதிக்க உண்மையான வைரஸைத் தேடிப் போக வேண்டாம். ஐகார் டெஸ்ட் பைல் என்று ஒன்று உள்ளது. வெறும் 68 எழுத்துகள். எந்தத் தீங்கும் செய்யாது. ஆனால் ஆண்ட்டி வைரஸ் புரோகிராம்கள் அதை வைரஸ் போலவே பிடிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஐகார் அமைப்பின் தளத்திலிருந்து மட்டும் அதை இறக்குங்கள். எச்சரிக்கை வராவிட்டால் உங்கள் புரோகிராமின் செட்டிங்ஸைக் கவனியுங்கள். பேக்அப் எடுப்பவர்கள், தேவையில்லாத பைல் ஒன்றை அழித்துவிட்டு பேக்அப்பிலிருந்து மீட்டுப் பாருங்கள். யு.பி.எஸ். வைத்திருந்தால் எல்லா பைல்களையும் சேவ் செய்து மூடிவிட்டு, மெயின் ஸ்விட்சை அணைத்து, எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று கடிகாரத்தில் பாருங்கள்.