தாட்கோ மானியம்: அள்ளிக் கொடுப்பது யாருக்கு?

“எல்லாம் அவங்களுக்குத்தான் அள்ளிக் குடுக்குறாங்க!” பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி பக்கம் எந்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலும், ஒரு கிளாஸ் டீ தீர்வதற்குள் இந்தப் பேச்சு காதில் விழுந்துவிடும். ‘அவங்க’ யார் என்று யாரும் விளக்குவதில்லை. விளக்காமலே எல்லோருக்கும் தெரியும். தாட்கோ கடன், ஆதிதிராவிடர் நலத்துறை உதவித்தொகை, குடியிருப்புக்குப் புதுச் சாலை என்று ஏதாவது செய்தி வந்த நாளில் பேச்சு இன்னும் சூடாகும். படித்தவர்கள் இதையே கொஞ்சம் மெருகேற்றி வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள்.

இதை வெறும் காழ்ப்பு என்று தள்ளிவிட முடியாது. கஜா புயலில் தோப்பைப் பறிகொடுத்து, மகன் படிப்புக்கு நகையை அடகு வைத்த சிறு விவசாயியும் இதைச் சொல்கிறார். அவர் கஷ்டம் பொய்யில்லை. ஆனால் அந்தக் கஷ்டத்துக்குக் காரணம் என்று அவர் கைநீட்டும் இடம் தவறு. எனவே சொல்லப்படும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

1. “சும்மா தூக்கிக் கொடுக்கிறார்கள்”

தமிழ்நாடு ஆதிதிராவிடர் வீட்டுவசதி மற்றும் மேம்பாட்டுக் கழகம், அதாவது தாட்கோ, 1974-ல் தொடங்கப்பட்டது. அதன் தொழில் திட்டங்கள் பெரும்பாலும் வங்கிக் கடனோடு சேர்ந்தவை. கடன் கிடைத்தால்தான் மானியம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காக 2023-ல் மாநில அரசு கொண்டுவந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டமும் அப்படித்தான். அதில் மூலதன மானியம் 35 விழுக்காடு, உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய். வட்டியிலும் 6 விழுக்காட்டை அரசு ஏற்கிறது. நல்ல திட்டம்தான். ஆனால் மீதி 65 விழுக்காடு வங்கிக் கடன். 10 லட்சத்தில் ஒரு சரக்கு வண்டியோ, தென்னை நார் இயந்திரமோ வாங்க நினைப்பவர் 3.5 லட்சம் மானியம் பெறுகிறார் என்றால், கூடவே 6.5 லட்சம் கடனைத் தலையில் ஏற்றிக்கொள்கிறார். சும்மா வந்த பணத்துக்கு யாரும் மாதத் தவணை கட்டுவதில்லை.

அந்தக் கடன் எப்படிக் கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சாதிச் சான்று, வருமானச் சான்று, ரேஷன் அட்டை, கொட்டேஷன், திட்ட அறிக்கை எல்லாம் எடுத்துக்கொண்டு இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிறகு தஞ்சாவூர் போய் நேர்காணலில் உட்கார வேண்டும். அதுவும் முடிந்து கோப்பு வங்கிக்குப் போனால், அங்கே கேட்கப்படும் முதல் கேள்வி: “ஜாமீனுக்கு என்ன இருக்கு?” சிறு தொழில் கடனில் 10 லட்சம் வரை ஈடு கேட்கக் கூடாது என்று 2010-லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது. ஆனாலும் கேள்வி நிற்கவில்லை. பட்டா நிலம் உள்ளவருக்கு அது ஒரு சாதாரணக் கேள்வி. மூன்று சென்ட் மனையில் தொகுப்பு வீடு மட்டும் உள்ளவருக்கு, விண்ணப்பம் அந்த மேசையிலேயே முடிந்துபோகிறது.

2. “மானியம் அவர்களுக்கு மட்டும்தான்”

இது நேரடியான பொய். மத்திய அரசின் பிரதமர் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அதில் பொதுப் பிரிவினருக்கு நகரத்தில் 15, கிராமத்தில் 25 விழுக்காடு மானியம். சிறப்புப் பிரிவினருக்கு 25, 35 விழுக்காடு. அந்தச் சிறப்புப் பிரிவில் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் மட்டும் இல்லை. ஓ.பி.சி. பட்டியலில் உள்ளோர், சிறுபான்மையினர், பெண்கள், முன்னாள் ராணுவத்தினர், மாற்றுத்திறனாளிகள் என எல்லோரும் இருக்கிறார்கள். நம் பகுதியில் இந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்பவர்கள் எத்தனை பேர்? டீக்கடையில் ‘அவங்களுக்குத்தான்’ என்று குறைப்படுபவர் தன் ஊரில் எண்ணெய்ச் செக்கு போட விண்ணப்பித்தால், பெரும்பாலும் அதே 35 விழுக்காடுதான் அவருக்கும்.

இது பெயரிலேயே மானியம் என்று இருப்பது. பெயர் இல்லாமல் வந்த மானியங்கள் இதைவிடப் பெரியவை.

பட்டுக்கோட்டை வட்டாரம் பழைய டெல்டா அல்ல. காவிரி மேட்டூர் திட்டத்தில், 1934-ல் மேட்டூர் அணை திறந்தபோது கூடவே வெட்டிவந்த கல்லணைக் கால்வாய்தான் இந்த மண்ணை நஞ்சையாக்கியது. இன்றும் நம் ஆட்கள் அதைப் ‘புது ஆறு’ என்றே சொல்கிறார்கள். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று 2 லட்சம் ஏக்கருக்கு மேல் அதில் பாய்கிறது. மானாவாரியாகக் கிடந்த நிலத்தின் மதிப்பை அரசுப் பணம் உயர்த்திக் கொடுத்தது. அந்த உயர்வு யாருக்குப் போனது? பட்டா வைத்திருந்தவருக்கு. நடவு நட்டவருக்கும் கதிர் அறுத்தவருக்கும் கூலி வந்தது. நிலத்தின் விலை வரவில்லை.

அடுத்து, பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். 1990 முதல் எல்லா விவசாயிகளுக்கும் முழுமையாக உண்டு. மாநிலத்தில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளுக்காக அரசு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கோடி ரூபாய் மின்வாரியத்துக்குத் தருகிறது. ஆழ்துளைக் கிணறும் தென்னந்தோப்பும் இருந்தால்தான் இதில் பங்கு. 2021 பிப்ரவரியில் 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடன் தள்ளுபடியானது. பயிர்க்கடன் வாங்கச் சிட்டா, அடங்கல் வேண்டும். நிலமில்லாத விவசாயக் கூலிக்கு அந்தத் தள்ளுபடியில் ஒரு பைசா கிடையாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா அடித்துப்போட்ட தென்னைக்கு மரத்துக்கு 1,100 ரூபாய் நிவாரணம் வந்தது. போதாத தொகைதான், மறுக்கவில்லை. ஆனாலும் அது மரத்துக்கு உரியவர் கைக்குப் போனது. அந்த மரங்களில் ஏறி, மட்டை உரித்து, கீற்று முடைந்து பிழைத்தவர்களின் பிழைப்பும் அதே இரவில்தான் போனது. அதை மரம் எண்ணுவது போல எண்ணிப்பார்க்க யாரும் வரவில்லை.

இவற்றையெல்லாம் நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விவசாயிக்கு இவை வேண்டும். ஆனால் நிலத்தின் வழியாக வந்தால் ‘உரிமை’, சாதிச் சான்றின் வழியாக வந்தால் ‘இனாம்’ என்று இரண்டு தராசு வைத்து நிறுக்கக் கூடாது.

3. “பட்ஜெட்டில் பல ஆயிரம் கோடி ஒதுக்குகிறார்களே”

ஒதுக்குகிறார்கள், தாளில். 1970-களின் இறுதியில் தொடங்கிய சிறப்புக் கூறுத் திட்டம், பின்னாளில் பட்டியல் சாதியினர் துணைத் திட்டம் ஆனது. மக்கள்தொகையில் ஒரு பிரிவினர் எத்தனை பங்கோ, அரசின் வளர்ச்சிச் செலவில் அத்தனை பங்கு அவர்களுக்குச் சேர வேண்டும் என்பது இதன் அடிப்படை. 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு. தஞ்சாவூர் மாவட்டத்தில் ஏறத்தாழ 19. ஆக இது அவர்கள் தலைக்கணக்குப்படி வரவேண்டிய பங்கு. மற்றவர் இலையிலிருந்து எடுத்து வைத்தது அல்ல.

அந்தப் பங்காவது முழுசாகப் போகிறதா? எல்லோருக்குமான ஒரு திட்டத்தை எடுத்து, அதில் பயன்பெறும் பட்டியல் சாதியினரின் விகிதத்தைக் கணக்கிட்டு, அதையும் துணைத் திட்டச் செலவாக எழுதிவிடுவது நெடுநாள் வழக்கம். கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு இந்த நிதியைத் திருப்புகிறார்கள் என்ற புகார் 2023-ல் தேசியப் பட்டியல் சாதிகள் ஆணையம் வரை போனது. டெல்லியிலோ 2010 காமன்வெல்த் போட்டிச் செலவுக்கு இந்த நிதியிலிருந்து 600 கோடிக்கு மேல் திருப்பிவிட்டார்கள். அது தவறு என்று அன்றைய உள்துறை அமைச்சர் ப. சிதம்பரமே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டார். விளையாட்டரங்கம் கட்டிய பணம் ஏட்டில் தலித் மக்கள் கணக்கில் போய் உட்காரும். அந்த ஏட்டின் கூட்டுத்தொகையைப் பார்த்துத்தான் ‘பல ஆயிரம் கோடி’ என்று பெருமூச்சு விடுகிறார்கள். இந்தக் கோளாறு தெரிந்ததால்தான், ஒதுக்கீட்டுக்குச் சட்ட வடிவம் கொடுக்கும் மசோதா 2024 பிப்ரவரியில் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

உண்மையாகவே பட்டியல் சாதியினர் குடியிருப்புகளுக்கு என்று வந்த ஒரு திட்டத்தைக் கணக்குப் பார்ப்போம். சாலை, தெருவிளக்கு, குடிநீர், மயானப் பாதை போன்ற வசதிகளுக்காக 2023-ல் அறிவித்த அயோத்திதாசப் பண்டிதர் குடியிருப்புகள் மேம்பாட்டுத் திட்டம்: ஐந்தாண்டுக்கு 1,000 கோடி. ஆண்டுக்கு 200 கோடி. மாநிலத்தில் பட்டியல் சாதியினர் 1.44 கோடிப் பேர். வகுத்துப் பாருங்கள்: ஆளுக்கு ஆண்டுக்கு 140 ரூபாய்கூட வரவில்லை. அள்ளிக் கொடுத்த லட்சணம் இதுதான்.

4. “சாதி பார்த்துக் கொடுத்தால் சாதி எப்படி ஒழியும்?”

கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சாதி பார்த்து எடுக்கப்பட்டதைச் சாதி பார்க்காமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது?

தஞ்சைத் தரணியில் பண்ணையாள் முறை ஏதோ மன்னர் காலத்துச் சங்கதி அல்ல. அதை ஒழுங்குபடுத்தத் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல்தான் வந்தது. குடிசை போட்டிருந்த மண்ணே மிராசுதாருடையது. எதிர்த்துப் பேசினால் குடிசையும் போய்விடும். அந்தக் குடிமனையைச் சொந்தமாக்கும் சட்டம் வந்தது 1971-ல். இடையில் 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்ட கீழவெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். அதற்கும் முன்னால், செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கையின் விளைவாக 1892 முதல் ஒடுக்கப்பட்டோருக்கு வழங்கப்பட்ட பஞ்சமி நிலம் சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். பிறருக்கு விற்கவே கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்த அந்த நிலத்தில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது அந்தந்த ஊருக்குத் தெரியும்.

நம் தாத்தாக்கள் நிலம் வைத்தார்கள், அப்பாக்கள் அதை அடகு வைத்துப் படிக்க வைத்தார்கள், பிள்ளைகள் சிங்கப்பூர் போனார்கள். அடகு வைக்க நிலமே இல்லாத வீட்டில் இந்தத் தொடர் முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. தொழில் மானியமும் உதவித்தொகையும் அந்தக் கண்ணியைக் கட்டிக் கொடுக்கும் முயற்சிதான்.

வெளிநாட்டில் நாமே சிறுபான்மையாகும்போது இந்த நியாயம் நமக்கு நன்றாகவே புரிகிறது. பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம் பக்கத்து ஆட்கள் குடியேறியிருக்கும் சிங்கப்பூரில் இந்தியச் சமூகத்தின் முன்னேற்றத்துக்கென்றே ‘சிண்டா’ 1991-ல் தொடங்கப்பட்டது. இந்தியத் தொழிலாளர்களின் சம்பளத்தில் பிடிக்கும் சந்தாவோடு அரசின் மானியமும் சேர்ந்து, தமிழ்ப் பிள்ளைகளின் துணைப்பாட வகுப்புகளுக்குப் போகிறது. கனடாவின் டொரன்டோ நகரில் உள்ள ஸ்கார்பரோவில் தமிழ்ச் சமூக மையம் கட்ட மத்திய, மாகாண அரசுகள் 2021-ல் 2.6 கோடி டாலருக்கு மேல் அறிவித்தன. தமிழர்கள் அதைக் கொண்டாடினார்கள். கொண்டாட வேண்டியதுதான். அங்கே இனம் பார்த்து வந்த பணம் அங்கீகாரம், இங்கே சாதி பார்த்து வந்த பணம் சலுகை என்றால், நம் நியாயம் கடல் தாண்டினால் மாறிவிடுகிறது என்றுதான் பொருள்.

5. “கொடுத்தும் என்ன? எல்லாம் வீண்”

குறையே இல்லை என்று வாதாட மாட்டேன். கறவை மாடு வாங்கியதாகப் பில் இருக்கும், கொட்டகையில் மாடு இருக்காது. புரோக்கர் தன் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்வார். விவரம் தெரிந்த நாலு குடும்பங்களே திரும்பத் திரும்பப் பயன்பெறும் ஊர்களும் உண்டு. ஆனால் இவை எந்த அரசு மானியத்திலும் காணும் குறைகள். மானிய விலை உரம் கள்ளச் சந்தைக்குப் போகிறது என்பதற்காக உர மானியத்தையே நிறுத்தச் சொல்லி யாரும் கேட்பதில்லை.

அதோடு, திட்டம் சரியாக அமைந்த இடத்தில் பலன் கண்கூடு. வெண்மணிக்குப் பிறகு கீழத்தஞ்சையிலேயே தங்கிவிட்ட கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவர் ஜெகந்நாதனும் 1981-ல் ‘லாஃப்டி’ அமைப்பைத் தொடங்கினார்கள். மிராசுதார்களிடம் பேசி விலைக்கு வாங்கி, வங்கிக் கடனும் அரசுத் திட்டங்களும் சேர்த்து, ஏறத்தாழ 13,000 ஏக்கரை நிலமற்ற குடும்பங்களுக்கு, பெண்கள் பெயரில் பதிந்து கொடுத்தார்கள். நேற்றுவரை கூலிக்கு நடவு நட்டவர்கள் தங்கள் வயலில் நட்டார்கள். அந்த வழியைத்தான் இப்போது தாட்கோவின் ‘நன்னிலம்’ திட்டம் பிடித்திருக்கிறது. நிலமற்ற பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் விவசாய நிலம் வாங்க 50 விழுக்காடு மானியம், உச்சவரம்பு 5 லட்சம். நம் பக்கம் இன்றைய நில விலைக்கு அது ஒரு ஏக்கருக்கே போதாது. குறை சொல்வதாக இருந்தால் இதைச் சொல்லலாம்: கொடுப்பது அதிகம் என்றல்ல, நிலம் கைமாறும் அளவுக்குக் கொடுப்பதில்லை என்று.

‘அவங்களுக்குத்தான் எல்லாம்’ என்று இனி யாராவது சொன்னால் சண்டை வேண்டாம், கணக்குக் கேளுங்கள். அடுத்த கிராம சபையில் எழுந்து நின்று, நம் ஊராட்சியில் சென்ற ஆண்டு துணைத் திட்ட நிதி எவ்வளவு வந்தது, எந்தத் தெருவில் செலவானது, எத்தனை கடன் விண்ணப்பங்கள் வங்கியில் நிற்கின்றன என்று கேளுங்கள். கூடவே இலவச மின் இணைப்பு எத்தனை, பயிர்க்கடன் தள்ளுபடி எத்தனை பேருக்கு என்பதையும் வாசிக்கச் சொல்லுங்கள். இரண்டு பட்டியலையும் ஒரே கூட்டத்தில் வாசித்துவிட்டால், அள்ளிக் கொடுத்தது யாருக்கு என்று தனியாக வாதாட வேண்டியிருக்காது.