அலுமாரிக்குள் உறங்கும் வெளிநாட்டுக் காசு



எமது பகுதிகளில் வீட்டுத் தரிசிப்புக்குச் செல்லும்போது அடிக்கடி காணக்கூடிய ஒன்றைப் பற்றி இம்மாதம் பேசுவோம். அலுமாரியின் அடித்தட்டில், சேலை மடிப்புக்குள், அல்லது சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு சிறிய பொலித்தீன் பை இருக்கும். அதற்குள் வெளிநாட்டுத் தாள்காசு சில இருக்கும். தொண்ணூறுகளில் வந்துபோன தம்பி கையில் வைத்த காசு, அக்காவின் பிள்ளை லண்டனிலிருந்து வந்தபோது கொடுத்த காசு, கணவர் உயிரோடு இருந்த காலத்தில் மகளின் கலியாணத்துக்கென்று எடுத்துவைத்த காசு. இடப்பெயர்வுகளின்போது பாவாடை விளிம்பில் தைத்தும் மண்ணில் புதைத்தும் காப்பாற்றப்பட்டவை அவை.

எமது பெண்கள் இதனைச் செலவழிக்காமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. கணவரை இழந்த அல்லது கணவர் எங்கே என்று தெரியாத ஒரு பெண்ணுக்கு, யாரிடமும் கேட்காமல் தன் கையில் இருக்கும் ஒரே பணம் பல வேளைகளில் இதுவே. அது அவளுக்கு ஒரு தைரியம். ஆனால் தங்கத்தைப் போல் தாள்காசு காலமெல்லாம் அப்படியே இருப்பதில்லை. நாடுகள் தமது நாணயத்தாள்களை மாற்றுகின்றன. பழையதைத் திருப்பி வாங்குவதற்கு ஒவ்வொரு நாடும் வேறுவேறு சட்டம் வைத்திருக்கிறது.

ஒரு தாயிடம் 500 பிராங் தாள்கள் நான்கு இருந்தன. கியூரி தம்பதியரின் படம் போட்ட பிரெஞ்சுக் காசு. பிரான்ஸ் 2002இல் யூரோவுக்கு மாறியது. பழைய பிராங் தாள்களை மாற்றுவதற்கு 2012 பெப்ரவரி 17 வரையே தவணை கொடுத்தது. அந்த 2,000 பிராங்கின் பெறுமதி ஏறக்குறைய 305 யூரோ. இன்று அவை வெறும் தாள்கள். அந்தத் தவணை முடிந்தபோது எமது மக்கள் எங்கே இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். மெனிக்பாம் முகாம் மூடப்பட்டதே 2012 செப்ரெம்பரில்தான். மீள்குடியேறியவர்கள் தகரக் கொட்டில்களில் இருந்தார்கள். பாரிஸில் அறிவித்த தவணையை அவர்களுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? அந்தத் தாய் அறியாமையால் இழந்தார் என்று சொல்வது நியாயமல்ல. தகவல் அவரிடம் வந்து சேரவில்லை.

ஆனால் எல்லாக் காசும் இப்படிச் செத்துப்போகவில்லை. ஆகவே பையை எடுத்துப் பாருங்கள்.

ஜேர்மன் மார்க்: இதற்குக் காலக்கெடு இல்லை. ஜேர்மனியின் மத்திய வங்கி தனது கிளைகளில் இன்றும் கட்டணமின்றி மாற்றிக் கொடுக்கிறது. 100 மார்க்குக்கு 51 யூரோவும் சில சதங்களும் கிடைக்கும்.

சுவிஸ் பிராங்: தாளில் மனித முகம் இருந்தால் அது பழையது. 2016 முதல் வந்த புதிய தாள்களில் முகம் இல்லை, கைகளே இருக்கும். பழைய தாள் 2021 ஏப்ரல் 30உடன் கடைகளில் செல்லாமல் போனது. ஆனால் 1976 முதல் வெளிவந்த வரிசைகளை பேர்ண், சூரிச் நகரங்களிலுள்ள சுவிஸ் தேசிய வங்கியில் எப்போதும் மாற்றலாம். முன்பிருந்த 20 வருடக் கெடு 2020இல் நீக்கப்பட்டது.

இங்கிலாந்துப் பவுண்: இப்போதையது கண்ணாடி போன்ற சாளரமுள்ள பிளாஸ்ரிக் தாள். கடதாசித் தாள்களில் 5 பவுண் 2017 மே மாதத்திலும், 10 பவுண் 2018 மார்ச்சிலும், 20, 50 பவுண் 2022 செப்ரெம்பர் 30உடனும் கடைகளில் செல்லாதவையாயின. எனினும் இங்கிலாந்து வங்கி தான் வெளியிட்ட தாள் எவ்வளவு பழையதானாலும் ஏற்கும். லண்டனில் அதன் கருமபீடத்தில் நேரடியாகக் கொடுக்கலாம், தபாலிலும் அனுப்பலாம். அங்குள்ள சில தபாலகங்களும் அடையாள அட்டை காட்டினால் இரண்டு வருடத்துக்கு 300 பவுண் வரை மாற்றித் தருகின்றன. அங்கு வங்கிக் கணக்குள்ள பிள்ளைகளிடம் தங்கள் வங்கியிலும் கேட்கச் சொல்லுங்கள்.

நோர்வே குரோனர்: இதில்தான் அவசரம். முகம் உள்ள பழைய தாள்களை அந்நாட்டு மத்திய வங்கி பத்து வருடங்களுக்கே ஏற்கும். 100, 200 குரோனருக்கு 2028 மே வரையும், 50, 500 குரோனருக்கு 2029 ஒக்ரோபர் வரையும், 1000 குரோனருக்கு 2030 நவம்பர் வரையும்தான் தவணை.

கனடா டொலர்: 1000 டொலர் தாளும் 1, 2 டொலர் தாள்களும் 2021 ஜனவரி 1 முதல் கடையில் செல்லாது. கனடா மத்திய வங்கி பெறுமதியைத் தரும். பழைய 20, 50, 100 டொலர் தாள்கள் இன்றும் செல்லுபடியாகும்.

அமெரிக்க டொலர்: பழையதும் செல்லும். சிறிய தலை உருவமுள்ள, 1996க்கு முந்திய தாள்களை வேறு நாடுகளின் மாற்றுநர்கள் மறுப்பதுண்டு. அதற்காக அது செல்லாக்காசு என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்திய ரூபா: தமிழ்நாட்டு முகாம்களிலிருந்து திரும்பிய சகோதரிகள் இதைக் கவனியுங்கள். 2016 நவம்பர் 8 அன்று நிறுத்தப்பட்ட பழைய 500, 1000 ரூபாத் தாள்களை இனி மாற்ற முடியாது. அவற்றில் பத்துக்கு மேல் வைத்திருப்பதே அங்கு தண்டனைக்குரியது. ஆகவே யாரிடமும் கொடுத்து அனுப்பவேண்டாம். 2000 ரூபாத் தாள் வேறு விடயம். 2023 ஒக்ரோபருக்குப் பின்னர் சாதாரண வங்கிகள் அதனை ஏற்பதில்லை. சென்னை உட்பட ரிசேர்வ் வங்கியின் அலுவலகங்களே ஏற்கின்றன.

புதைத்து வைத்ததால் நைந்த, பூஞ்சணம் பிடித்த தாள்களையும் எறியவேண்டாம். பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் யூரோ, சுவிஸ், பவுண் தாள்களை அந்தந்த மத்திய வங்கிகள் பரிசீலிக்கும். ஒட்டுநாடா ஒட்டாமல், கழுவாமல், அப்படியே கடித உறையில் வையுங்கள்.

பழைய தாளை மாற்றுவதற்குச் சரியான இடம் அதை வெளியிட்ட நாடே. எமது ஊர் மாற்றுநர் அதை வாங்கமாட்டார், அல்லது கால் விலைக்குக் கேட்பார். "இது செல்லாது, பாவம் பார்த்து வாங்குகிறேன்" என்று சொல்லும் தரகர் பாவம் பார்ப்பவர் அல்ல. மகளின் பிள்ளைப்பேறு பார்க்கவோ உறவினர் கலியாணத்துக்கோ யாராவது வெளிநாடு புறப்பட்டால், அதுவே தருணம். நீங்களே போவதானால் காசைக் கைப்பையில் வையுங்கள், பயணப்பொதியில் போடவேண்டாம். வங்கிக்குப் போகும்போது கடவுச்சீட்டைக் கொண்டுசெல்லுங்கள். தொகை 10,000 யூரோவுக்குக் குறையாமல் இருந்தால் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் சுங்கப் பகுதியில் அறிவிப்பது கட்டாயம்.

வேறொருவரிடம் கொடுத்தனுப்பினால் ஒவ்வொரு தாளின் இலக்கத்தையும் பெறுமதியையும் ஒரு கொப்பியில் எழுதி, இருவரும் கையெழுத்து வையுங்கள். கைத்தொலைபேசியில் படமும் எடுங்கள். சொந்தக்காரரிடம் இப்படிக் கேட்பதா என்று கூச்சப்படவேண்டாம். கணக்கு எழுதிவைப்பது சந்தேகம் அல்ல. உறவு முறியாமல் காக்கும் வழி. கொடுக்கல் வாங்கலில் வாய்ப்பேச்சை நம்பி உரிமையை இழந்தவர்களில் எமது பெண்களே அதிகம்.

"தம்பி கடைசியாகத் தந்த காசு, மாற்ற மனமில்லை" என்று சொன்ன சகோதரிகளும் உண்டு. அந்த மனத்தை மதிக்கவேண்டும். ஒரு தாளை நினைவாக வைத்துக்கொள்ளுங்கள். மற்றவற்றை மாற்றி, உங்கள் பெயரிலேயே கணக்குத் திறந்து வையுங்கள். எமது வங்கிகளில் வெளிநாட்டு நாணயக் கணக்கும் திறக்கலாம். அப்படி வைத்தால் எந்த நாடு தாளை மாற்றினாலும் உங்கள் சேமிப்பு செல்லாமற் போகாது.

உங்கள் கிராமத்து மாதர் சங்கக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டுங்கள். தன்னிடம் காசு இருக்கிறதென்று வாய்திறந்து சொல்லாத ஒரு சகோதரி அங்கே நிச்சயம் இருப்பார். அவர் சொல்லவேண்டியதில்லை. காது கேட்டால் போதும்.