ஜலத்தின் மேல் தாழப் பறத்தல்

அமெரிக்காவின் பிரசித்தி பெற்ற பேஸ்பால் வீரர் ராய் ஹாலடே, 2017-ம் வருஷம் நவம்பர் 7-ந் தேதி புளோரிடாக் கரையருகே, தாமே ஓட்டிய சிறு விமானத்துடன் கடலில் வீழ்ந்து மாண்டார், வயது 40. ஜலமட்டத்திலிருந்து 11 அடி உயரம்வரை தாழ்ந்து பறந்தாரென்றும், அவர் தேகத்தில் புத்தியை மயக்கும் மருந்துகள் இருந்தனவென்றும் விசாரணையில் வெளியாயிற்று. தவறு அவருடையதே, மறுப்பாரில்லை. ஆயினும் அந்நாட்டுச் சட்டம் கூறுவதென்ன? ஆள், படகு, கட்டடங்களுக்கு 500 அடி விலகியிருந்தால் போதும். திறந்த ஜலப்பரப்பின்மீது எவ்வளவு தாழவும் பறக்கலாமாம்! வேகம் குன்றிக் கவிழும் விமானத்தை நிமிர்த்த உயரம் வேண்டாமா? அதே ரக விமானத்தின் பிரதம என்ஜினீயரே அவ்வருஷம் மே மாதத்தில் கலிபோர்னியாவில் ஏரியின் மேல் தாழப் பறந்து, மலையிடுக்கில் மோதி, உடனிருந்தவருடன் உயிர் நீத்தார். சர்க்கார் அப்போதே விழித்திருக்க வேண்டும். ஜலத்துக்கு மேலும் ஓர் உயர எல்லை வகுப்பதில் இன்னும் என்ன தயக்கமோ!