மணற்கேணி அல்ல, பாறை

எங்கள் வீட்டுக் குளியலறையில் 15 லிட்டர் பக்கெட் நிறைய இரண்டு நிமிடம் ஆகும். 2022 மார்ச்சில் அது நான்கு நிமிடமாயிற்று. நாங்கள் இருப்பது மேல்மாடி. கீழ்வீடுகளில் வேகம் அவ்வளவு குறையவில்லை. ஆனால் சாயங்காலத்துக்குள் மொட்டை மாடித் தொட்டி காலியாகிவிடுகிறது என்று பன்னிரண்டு குடும்பங்களுக்கும் புகார். ஞாயிற்றுக்கிழமை குடியிருப்போர் கூட்டத்தில் தீர்ப்பு தயாராக இருந்தது: போர் வற்றிவிட்டது, இன்னும் 300 அடி இறக்க வேண்டும்.

தெருமுனையில் வேறொரு வீட்டு வேலைக்காகத் துளை போடும் லாரி ஒன்று நின்றிருந்தது. டி.என். 34, அதாவது திருச்செங்கோடு. நாடெங்கும் போய் நிலத்தைத் துளைக்கும் ரிக் வண்டிகளுக்குப் பேர்போன ஊர். ஹைதராபாத்தில் அந்த இரைச்சலுக்கு நடுவே கொங்குத் தமிழ் கேட்பது எனக்குப் புதிதல்ல. விலை விசாரிக்கப் போனேன். "போட்டுத் தர்றோமுங்க. ஆனா மோட்டாரை மேல தூக்கிப் பாத்தீங்களா?" என்று கேட்டார் ஆபரேட்டர். யாரும் பார்த்திருக்கவில்லை. தனக்கு வர வேண்டிய வேலையைத் தானே தட்டிவிட்ட அந்த மனிதருக்கு நாங்கள் கடன்பட்டிருக்கிறோம்.

மறுநாள் வந்த மோட்டார் மெக்கானிக் அறுபதைத் தாண்டிய தெலுங்குக்காரர். கிணற்றுப் பக்கமே அவர் போகவில்லை. குழாயிலிருந்து தொடங்கினார்.

ஒரு குழாயில் மட்டும் குறைவா, எல்லாவற்றிலுமா? இது முதல் கேள்வி. குழாய் வாயிலிருந்த சல்லடையைக் கழற்றித் தட்டினார். சுண்ணாம்புப் பொருக்கு உதிர்ந்தது. உப்பு நீர் ஓடும் வீடுகளில் பாதி நோய் இதுதான். பக்கெட் இப்போது மூன்று நிமிடத்தில் நிறைந்தது.

அடுத்தது மொட்டை மாடி. வீட்டுக் குழாயின் வேகம் தொட்டி நீர்மட்டத்தின் உயரத்தைப் பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம். எங்கள் மேல்மாடிக் குழாய்க்கும் தொட்டிக்கும் இரண்டு மூன்று மீட்டர்தான் இடைவெளி. தொட்டியில் ஒரு மீட்டர் நீர் குறைந்தாலும் எங்களுக்குத் தெரியும், தரைத்தளத்துக்குத் தெரியாது. தொட்டியின் வெளிக்குழாயில் வண்டல் இல்லை. வால்வு முழுக்கத் திறந்திருந்தது. ஆகவே கோளாறு இன்னும் கீழே.

பிறகு மோட்டார் பெட்டி. வோல்ட் மீட்டர், ஆம்பியர் மீட்டர் என்று அதிலே இரண்டு முள் உண்டு. வருடக்கணக்காக அதைக் கடந்துபோயிருக்கிறோம், யாரும் படித்ததில்லை. கிணற்றில் நீர் தீர்ந்தால் பம்புக்குச் சுமை குறையும், ஆம்பியர் முள் வழக்கத்தைவிடக் கீழே இறங்கும், நீர் காற்றோடு கலந்து துப்பித் துப்பி வரும். ஒரு மணி நேரம் ஓய்வு கொடுத்தால் மீண்டும் நன்றாக வந்து மறுபடி இளைக்கும். எங்கள் முள் இறங்கவில்லை. தொடக்கம் முதலே ஒரே சீராக, குறைவாக வந்தது நீர்.

மோட்டாரை நிறுத்திவிட்டுக் கிணற்று வாயில் காதை வைக்கச் சொன்னார். உள்ளே மழை பெய்வதுபோலச் சத்தம். ஏற்றிய நீர் எங்கோ ஓட்டை வழியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. மோட்டாரைத் தூக்கினால், மேலிருந்து ஒன்பதாவது குழாயில் மரை துருப்பிடித்துத் தின்னப்பட்டிருந்தது. அந்த ஒரு குழாயை மாற்றினோம். அன்று மாலை தொட்டி நிரம்பி வழிந்தது.

தோண்டத் தோண்ட ஊறும் மணற்கேணியைக் கல்விக்கு உவமையாகச் சொன்னார் வள்ளுவர். தமிழ் படித்தவர்களுக்கு அது மனத்தில் ஊறிப்போன விதி. ஆனால் ஹைதராபாத் இருப்பது மணலில் அல்ல, கருங்கல்லில். மேலே சிதைந்த பாறை அடுக்கிலும், அதற்குக் கீழே வெடிப்புகளிலும்தான் நீர் தங்கும். பொதுவாக ஆழம் கூடக் கூட வெடிப்புகள் அருகும். ஆயிரம் அடி போட்டும் வெறும் கல்தூள் பறந்த கதை இங்கே தெருவுக்கு ஒன்று. ஆகவே, மிக அதிகம் செலவாகிற, மிகவும் நிச்சயமற்ற வைத்தியம் கடைசியில்தான் வர வேண்டும். நாம் அதை முதலில் வைக்கிறோம்.

இதோடு முடிந்திருந்தால் இது பிளம்பர் கதை. 2024 கோடையில், டாங்கர் லாரிகளுக்கு நகரமே காத்திருந்தபோது, எங்கள் பக்கெட் மறுபடி மெதுவானது. இப்போது முள்ளைப் படிக்கத் தெரிந்திருந்தது. அது இறங்கியிருந்தது, நீர் துப்பித் துப்பி வந்தது. குழாயில் ஓட்டை இல்லை. இந்த முறை நிஜமாகவே நிலத்தடியில் நீர் இல்லை.

இது ஏரிகளின் ஊர். ஹுசேன் சாகர் 1562இல் கட்டப்பட்டது. 1908 மூசி வெள்ளத்துக்குப் பிறகு உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) வந்தன. பின்னர் மஞ்சிரா, 2004இல் கிருஷ்ணா, 2015இல் கோதாவரி என்று குழாய் மேலும் மேலும் தூரம் போனது. பல சிற்றேரிகளின் மேல் வீடுகள் எழுந்தன. மழை இறங்க வழியில்லாமல் சிமெண்ட் பூசிவிட்டு, கிணறு வற்றிவிட்டதே என்கிறோம். இந்த ஓட்டையை எந்த மெக்கானிக்கும் அடைக்க முடியாது. அடுத்த வீட்டார் ஆழப்படுத்தினால் ஒரே வெடிப்பின் நீரை அவர் முதலில் குடிப்பார். பிறகு நாம் இன்னும் ஆழம் போவோம். புதிய கிணற்றுக்கு அனுமதி வேண்டும் என்கிறது 2002ஆம் ஆண்டின் நீர், நிலம், மரங்கள் சட்டம். லாரிகள் இரவில் வருகின்றன.

துளை போட ஒதுக்கிய பணத்தில் கொஞ்சம் எடுத்து, மொட்டை மாடி மழைநீர் இறங்க ஒரு குழி வெட்டினோம். தெலுங்கில் இதை இங்குடு குந்தா என்பார்கள். இங்குவது என்றால் நிலம் நீரை உறிஞ்சுவது. தமிழிலும் இஞ்சுதல் என்று உண்டு, அகராதிக்குள் வற்றிக் கிடக்கிறது. அந்த மழைக்காலம் முடிந்தபின் முள் மேலே வந்தது. எங்கள் ஒரு குழியாலா, மழையாலா என்று சத்தியம் செய்ய மாட்டேன். எதிர்வீட்டிலும் குழி வெட்டுகிறார்கள். மாதம் ஒருமுறை நான் பக்கெட்டையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொள்கிறேன்.