பிரஸ் மிஷினில் பிறந்த பாட்டு

பர்மிங்காம் நகரத்துப் பாட்டுக்காரர் ஆஸி ஆஸ்போர்ன் 2025 ஜூலை 22 அன்று தமது 76வது வயதில் காலமானார். இரண்டு மாதம் கழித்து, செப்டம்பரில், அவர் குரலில் ஒரு பாட்டு வெளிவந்தது. உடன் பாடியவர் அதே வட்டாரத்துக்காரரான 74 வயது ராப் ஹால்போர்ட். பாட்டின் பெயர் 'வார் பிக்ஸ்', அதாவது யுத்தப் பன்றிகள்.

நெல் மூட்டை மழையில் நனைகிறது, கூலி பாக்கி நிற்கிறது, இந்த நேரத்தில் வெள்ளைக்காரன் பாட்டு நமக்கெதற்கு என்று மதுராந்தகத்துத் தோழர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மறைமலைநகரில் ஒரே அறையில் ஆறு பேராய்ப் படுத்தெழும் காண்ட்ராக்ட் தொழிலாளிகளின் செல்போனில் இந்த 'ஹெவி மெட்டல்' ஒலிக்கத்தானே செய்கிறது! பெரியவர்கள் இதை இரைச்சல் என்கிறார்கள். பறையையும் கனவான்கள் இரைச்சல் என்றுதான் சொன்னார்கள்! மாமல்லபுரத்துக் கல்பட்டறையில் நாள் முழுதும் உளியும் கல் அறுக்கும் மிஷினும் கேட்கிற காதுக்கு இது புதிய சத்தமா என்ன?

இந்த இரைச்சல் எங்கே பிறந்தது? பிசாசு வழிபாட்டில் என்று பாதிரிமார் சொன்னார்கள். உண்மையில் அது பிறந்தது தொழிற்சாலையில். ஆஸியின் தகப்பனார் இராப்பாளியில் வேலை செய்த கருவித் தொழிலாளி. தாயார் லூக்காஸ் கம்பெனித் தொழிலாளி. மகனோ 15 வயதில் பள்ளிக்கு முழுக்குப் போட்டு, கார் ஹாரன்களை ஊதிப் பார்க்கும் வேலையும், கசாப்புக் கூடத்து வேலையும் செய்தவர்.

அவருடைய 'பிளாக் சப்பாத்' குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமியின் கதை இன்னும் கொடியது. 17 வயதில் தகரப் பட்டறையில் வேலை. அன்று அவருக்குக் கடைசி நாள். பிரஸ் மிஷினில் நிற்க வேண்டியவர் வரவில்லை. பழக்கமில்லாத இந்தப் பையனை அங்கே நிறுத்தினார்கள். வலது கையின் நடுவிரல், மோதிரவிரல் நுனிகள் போயின. பையன் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செய்தான்; அதன்மேல் தோலை ஒட்டினான். முறுக்கிய கம்பியை அழுத்தினால் வலித்தது. ஆகவே மெல்லிய கம்பி கட்டினான்; பின்னாளில் சுருதியையும் இறக்கிக் கட்டினான். உலகம் 'கனமான ஓசை' என்று கொண்டாடியதற்கு இந்த வெட்டுண்ட விரலும் ஒரு காரணம்.

1982ல் ஆஸி மேடையில் வௌவால் தலையைக் கடித்ததை முதலாளிப் பத்திரிகைகள் இன்றுவரை மறக்கவில்லை. அயோமியின் விரலைப் பற்றி அவை எத்தனை வரி எழுதின?

ஆஸியை நாம் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. குடித்தார், போதையில் உழன்றார், கோடீஸ்வரரானார், 2002ல் சொந்தக் குடும்பத்தையே டெலிவிஷனில் வேடிக்கைப் பொருளாக்கினார். ஆனால் 1970ல், வியட்நாம் மீது அமெரிக்கா குண்டு பொழிந்த நாளில், அந்த நான்கு பேரும் பாடினார்கள்: யுத்தத்தை மூட்டிவிட்டு ஒளிந்துகொள்ளும் தளபதிகளையும் மந்திரிகளையும் பற்றி, சாக அனுப்பப்படும் ஏழைப் பிள்ளைகளைப் பற்றி. 2025 ஜூலை 5 அன்று பிறந்த ஊர் மைதானத்தில், நிற்க முடியாமல் நாற்காலியில் அமர்ந்தபடி, குழுவினரோடு அவர் முதலில் பாடியதும் இதே பாட்டுத்தான். 55 வருஷத்தில் ஒரு சொல்லையும் மாற்ற வேண்டிய அவசியம் வரவில்லை. காஸாவைப் பார்த்தவர்களுக்கு அதன் காரணம் தெரியும்.

புதிய பதிப்பின் வருமானம் பார்க்கின்சன் நோய்க்கு மருந்து தேடும் பணிக்குப் போகிறது. ஆஸியை அந்த நோய்தான் முடக்கியது. ஹால்போர்டின் குழுவிலுள்ள கிளென் டிப்டனுக்கும் அதே நோய். அவர் ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ஸ்டீலில் வேலை பார்த்தவர். பாடியவர்களைப் பாராட்டுவோம். ஆனால் பீரங்கி வாங்க எந்த சர்க்காராவது பாட்டுக் கச்சேரி வைத்து உண்டியல் குலுக்கியதுண்டா? நடுங்கும் கைக்கு மருந்து கண்டுபிடிக்க மட்டும் ஏன் கிழவர்கள் பாட வேண்டியிருக்கிறது?

பர்மிங்காமின் லாங்பிரிட்ஜ் கார் தொழிற்சாலை 2005ல் திவாலாகி, சுமார் 6,000 பேர் வீதிக்கு வந்தார்கள். மறைமலைநகரில் போர்டு கம்பெனி 2022ல் கார் உற்பத்தியை நிறுத்தியபோது நம் வீடுகளில் என்ன நடந்தது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பாட்டுக் கேட்கும் இளம் தோழர்களிடம் நாம் கேட்பது இதுதான். உங்கள் ஷாப்பில் பிரஸ் மிஷினின் சென்ஸார் வேலை செய்கிறதா, அல்லது உற்பத்தி குறைகிறதென்று சூப்பர்வைசர் அணைத்து வைத்திருக்கிறாரா? வராதவன் மிஷினில் புதுப் பையனை நிறுத்துகிறார்களா? காண்ட்ராக்ட் ஆளுக்கு இ.எஸ்.ஐ. சீட்டு கையில் வந்துவிட்டதா? அடுத்த ஷிப்டுக்குப் போகும்போது பார்த்துவந்து சங்கத்தில் சொல்லுங்கள்.