மனச்சோர்வும் வைட்டமின் டி மாத்திரையும்



மனசு சரியில்லை என்று யாராவது சொன்னால் போதும், ‘வைட்டமின் டி பார்த்தீர்களா?’ என்று கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. குறைபாடு உள்ளவர்களிடம் மனச்சோர்வு கூடுதலாகக் காணப்படுவது உண்மை. ஆனால் எது காரணம், எது விளைவு? மனம் ஒடிந்தவர் வீட்டுக்குள்ளேயே முடங்குகிறார். வெயில் படாமல் வைட்டமினும் குறைகிறது. அமெரிக்காவில் 50 வயதும் அதற்கு மேலும் ஆன 18,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வின் முடிவு 2020-இல் வெளியானது. தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி-யை சுமார் 5 ஆண்டுகள் எடுத்தவர்களுக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களுக்கும் மனச்சோர்வு வருவதில் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை.

அதற்காகக் குறைபாட்டை அலட்சியப்படுத்தச் சொல்லவில்லை. உடல்வலியும் அசதியும் தீர்ந்தால் மனமும் கொஞ்சம் தெளியும்தான். என் கவலை, மருந்துக்கடையில் தாங்களாகவே கேட்டு வாங்கும் 60,000 யூனிட் மாத்திரை பற்றியது. பெரும்பாலும் வாரம் ஒன்று, அதுவும் சில வாரங்களுக்கு மட்டும் என்று மருத்துவர்கள் எழுதித்தருவது அது. தினமும் விழுங்கினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியில் தொடங்கி சிறுநீரகப் பாதிப்பு வரை கொண்டுபோய்விடும்.

வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-இல் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

– வாசகர், திருச்சி